மீன் குஞ்சு வாங்குமுன்: குமரிக் குளத்தில் எது வளரும், எது பணத்துக்கு ஏற்றது

மீன் குஞ்சு விற்பவர்களின் விளம்பரத் தாள் எதை எடுத்தாலும் "எட்டு மாதத்தில் ஒரு கிலோ" என்ற வரி இருக்கும். எந்தக் குளத்தில், எந்த மாதத்தில் விட்டு, என்ன அளவில் வாங்கிய குஞ்சு என்பது மட்டும் இருக்காது. குமரி மாவட்டத்தில் கிடைக்கும் குஞ்சு வகைகளை இங்கே நம் ஊர் மழை, மண், சானல் (அணைக் கால்வாய்) தண்ணீர் ஆகியவற்றோடு வைத்துப் பார்க்கிறோம். சாதாரண கட்லா, ரோகு, மிர்கால், அடுத்து ஜெயந்தி ரோகு, அமூர் கெண்டை, கிஃப்ட் (தேர்வு முறையில் மேம்படுத்திய) திலாப்பியா, ஓராண்டுக் குஞ்சு (போன ஆண்டு பொரித்து, வளரவிடாமல் வைத்திருந்த குஞ்சு), விரால் ஆகியவை பட்டியல். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கையில் இருக்கும் பணம் கொஞ்சம் என்றால் இனத்தின் பெயருக்குக் கொடுப்பதை விட குஞ்சின் அளவுக்குக் கொடுங்கள்.

காரணம் நம் தட்பவெப்பத்தில் இருக்கிறது. மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீரின் சூடுதான் அதன் உடம்பின் சூடு. கெண்டை இனங்கள் 26 முதல் 32 டிகிரி வரை நன்றாகத் தின்று வளரும், 20-க்குக் கீழே போனால் தீனி குறையும். வட இந்தியக் குளங்களில் டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். நம் சமவெளியில் அந்த மாதங்களின் அதிகாலையில்கூடக் காற்று 20 டிகிரிக்குக் கீழ் இறங்குவது அரிது. ஆக, சூட்டைப் பொறுத்தவரை குமரியில் மீனுக்கு விடுமுறை கிடையாது. நம் மீனின் வளர்ச்சியைத் தடுப்பவை வேறு: வெளிச்சக் குறைவு, சுண்ணாம்புச் சத்துக் குறைவு, குளத்தில் தண்ணீர் நிற்கும் நாள்கள்.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை மேகமூட்டம் விட்டு விட்டு இருக்கும். வெயில் இல்லாத நாளில் நுண்பாசி ஆக்சிஜனைக் குறைவாகவே தயாரிக்கும், ஆனால் இரவில் வழக்கம்போல அதைச் செலவழிக்கும். விடியற்காலை நான்கு முதல் ஆறு மணிக்குள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம், 30 டிகிரியில் சுமார் 7.5. மீன் நன்றாகத் தின்ன 5 மில்லிகிராமாவது வேண்டும். 3-க்குக் கீழே இறங்கினால் போடும் தீவனம் முழுக்க வீண்.

மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் நாஞ்சில் நாட்டுக் களிமண் குளங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் காற்று அங்குள்ள குளங்களைக் கடைந்துகொண்டே இருக்கும். காற்றடிப்பான் இல்லாமலே விடியற்கால ஆக்சிஜன் ஓரளவு தாங்கும். விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு பக்கம் வெட்டுக்கல் மண், ரப்பர் தோட்டச் சரிவுகள். மழை பெய்தால் செம்மண் கலங்கல் நேராகக் குளத்தில் இறங்கும். மண்ணும் புளிப்பு, தண்ணீரும் மென்மை, அதாவது சுண்ணாம்புச் சத்துக் குறைவு. ஒரே இடத்தில் வாங்கிய ஒரே குஞ்சு தேரூரில் ஒரு மாதிரியும் குலசேகரத்தில் வேறு மாதிரியும் வளர்வதற்கு இதுதான் அடிப்படை. மேற்குப் பகுதியில் குஞ்சு வாங்கும் முன் சுண்ணாம்பு வாங்குங்கள். மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு) 5.5 முதல் 6.5 வரை என்றால் ஏக்கருக்கு 200 முதல் 250 கிலோ, அதாவது சென்டுக்கு 2 முதல் 2.5 கிலோ. பாதியைக் குளம் காய்ந்திருக்கும்போது அடியில் தூவ வேண்டும், மீதியை மழை மாதங்களில் பங்கு பிரித்துப் போட வேண்டும். மீன் உள்ள குளத்தில் விவசாயச் சுண்ணாம்பு அல்லது டோலமைட் மட்டும் போடுங்கள். நீற்றுச் சுண்ணாம்பைக் கொட்டினால் பிஎச் திடீரென்று ஏறிக் குஞ்சு செத்துப்போகும்.

ஓராண்டுக் குஞ்சு: குமரிக்கு முதல் தேர்வு

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 1-ல் தண்ணீர் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு நெல் போகத்துக்கும் கணக்கிட்ட அந்த ஒன்பது மாதம்தான் சானல் நீரை நம்பிய குளங்களுக்கு வளர்ச்சிக் காலம். மார்ச் முதல் மே வரை தண்ணீர் சுருங்கும், சூடேறும், பல குளங்களில் மீனைப் பிடித்தே ஆக வேண்டும்.

இப்போது குஞ்சுப் பண்ணையின் நாள்காட்டியைப் பாருங்கள். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் மழைக்காலத்தில்தான் முட்டையிடும். ஜூன், ஜூலையில் பொரித்த நுண்குஞ்சு 8 முதல் 10 சென்டிமீட்டர் விரலிக் குஞ்சாக வளர்ந்து உங்கள் கைக்கு வர ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் ஆகிவிடும். அப்போது விட்டால் மிஞ்சுவது ஆறு மாதம். 5 கிராம் குஞ்சு 180 நாளில் ஒரு கிலோவாக நாளொன்றுக்கு 5.5 கிராம் கூட வேண்டும். வெறும் தவிடு, புண்ணாக்கில் அது நடக்காது. ஜூனில் 100 கிராம் ஓராண்டுக் குஞ்சை விட்டால் 270 நாளில் 900 கிராம், நாளுக்கு 3.3 கிராம். கட்லாவுக்கு இது எட்டக்கூடிய கணக்கு.

முந்தைய ஆண்டுக் குஞ்சை நெருக்கமாக விட்டு, தீனியைக் குறைத்து, வேண்டுமென்றே வளரவிடாமல் வைத்திருப்பார்கள். இடமும் தீனியும் கிடைத்தவுடன் அது விட்டதைப் பிடிப்பதுபோல வேகமாகத் தின்று வளரும். அளவு பெரிதாக இருப்பதால் நீர்க்காகத்துக்கும் குளத்தில் ஏற்கெனவே உள்ள விராலுக்கும் எளிதில் இரையாகாது. தேரூர், சுசீந்திரம் பக்கம் பறவைகளின் எண்ணிக்கை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விலை அதிகம் என்பதுதான் தயக்கம். செலவைக் குஞ்சுக்கு எவ்வளவு என்று பார்க்காமல் பிழைத்த மீனுக்கு எவ்வளவு என்று பாருங்கள். உதாரணமாக, 3 சென்டிமீட்டர் இளங்குஞ்சு 1 ரூபாய். நூற்றுக்கு இருபது பிழைத்தால் ஒரு மீனுக்கு 5 ரூபாய். பெரிய குஞ்சு 6 ரூபாய். எண்பது பிழைத்தால் 7 ரூபாய் 50 காசு. வித்தியாசம் 2 ரூபாய் 50 காசு. அதற்குக் கிடைப்பது மூன்று மாத வளர்ச்சி. இந்தக் கணக்கில் உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

குறையும் உண்டு. ஒடுக்கி வளர்ப்பதற்கும் பட்டினி போடுவதற்கும் வேறுபாடு தெரியாத விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். தலை பெருத்து, முதுகு கத்தி போல ஒட்டி, வால் பக்கம் சூம்பிய குஞ்சு பிறகு எவ்வளவு தின்றாலும் தேறாது. ஒரு வாளியில் இருபது மீனை எடுத்துப் பாருங்கள். நான்கைந்து அப்படியிருந்தால் அந்தத் தொட்டியையே தவிர்த்துவிடுங்கள். இரண்டு ஆண்டு தேங்கிய குஞ்சை ஓராண்டு என்று சொல்லித் தருவதும் உண்டு. விலாவிலிருந்து ஒரு செதிலை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நெருக்கமான வளையங்கள் சந்தேகத்தைக் கிளப்பும், ஆனால் ஆண்டு முழுதும் சூடான நம் தண்ணீரில் செதில் வளையம் வயதைத் துல்லியமாகச் சொல்லாது. எனவே உடல்வாகைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

ஜெயந்தி ரோகு: நல்ல சரக்கு, கலப்படம் ஜாஸ்தி

புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் நார்வே நிபுணர்களோடு சேர்ந்து தேர்வு முறையில் உருவாக்கியது. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா நதிகளின் ரோகுவையும் பண்ணை ரோகுவையும் கலந்து தலைமுறை தலைமுறையாக வேகமாக வளர்வதைப் பொறுக்கி எடுத்தார்கள். சுதந்திரப் பொன்விழா ஆண்டான 1997-ல் வெளிவந்ததால் ஜெயந்தி. தலைமுறைக்குச் சராசரி 17 சதவீதம் வளர்ச்சி கூடியது என்பது நிறுவனத்தின் கணக்கு.

நம் மாவட்டத்தில் இதற்குச் சூடு பிரச்சினையே இல்லை. பயன் முழுதாகக் கிடைப்பது தீவனம் போடும் சொந்தக் குளத்தில்தான். குத்தகைக்கு எடுத்த பஞ்சாயத்துக் குளத்தில் குளிப்பதும் துவைப்பதும் நடக்கும், சாணம் போட முடியாது, தீவனமும் பேருக்குத்தான். அங்கே வேகமாக வளரும் மரபணுவுக்கு வேலை கிடையாது. சாதா ரோகு போதும். இன்னொன்று, பண்ணையில் தாய் மீனை மாற்றாமல் ஒரே கூட்டத்தில் திரும்பத் திரும்பக் குஞ்சு எடுத்தால் தலைமுறை போகப் போக அந்தக் கூடுதல் வளர்ச்சி கரைந்துபோகும். கண்ணால் பார்த்து ஜெயந்தியைக் கண்டுபிடிக்க வழியில்லை. தாய் மீன் எங்கிருந்து, எந்த ஆண்டு வந்தது என்று கேளுங்கள். ஆவணம் காட்டாதவரிடம் சாதா ரோகு விலைக்கு மேல் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

கட்லா மேல்மட்டத்தில் மேய்வது, தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குயிர்கள்தான் அதற்குப் பிரதானத் தீனி. கலங்கல் அதிகமான மேற்குக் குளங்களில் அந்தத் தீனி குறைவாக இருக்கும். அங்கே கட்லாவை நூற்றுக்கு நாற்பதிலிருந்து முப்பதாகக் குறைத்து ரோகுவைக் கூட்டலாம். மிர்கால் அடிமட்ட மீன். வளர்ச்சி மெதுவானாலும் குளத்தில் தூர் அதிகம் என்றால் அதற்குச் சாப்பாடு இருக்கும். மொத்தத்தில் ஏக்கருக்கு 2,000 முதல் 2,500 குஞ்சுக்கு மேல் விடாதீர்கள்.

அமூர் கெண்டை

சாதா கெண்டை இந்தியாவுக்கு இரண்டு வழியில் வந்தது: 1939-ல் ஜெர்மன் வகை நீலகிரிக்கு, 1957-ல் பாங்காக் வகை கட்டாக்குக்கு. நாம் சமவெளியில் பார்ப்பது பெரும்பாலும் பிந்தையது. அதன் குறை நம் சூட்டோடு சேர்ந்தால் பெரிதாகிவிடும். சூடான தண்ணீரில் ஆறு மாதத்திலேயே பருவமடையும். அதற்குப் பிறகு தின்பதெல்லாம் சினைக்குப் போகும், சதைக்கு வராது. வேலம்பாசி உள்ள குளத்தில் தானே முட்டையிட்டுக் குஞ்சு பெருக்கும்.

ஹங்கேரியிலிருந்து கர்நாடகத்துக்கு வந்து பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் பெருக்கப்பட்ட அமூர் வகை தாமதமாகப் பருவமடைகிறது. குமரிக்கு அதனால்தான் பொருத்தம். குளிர்நாட்டு மீன் என்ற பயம் வேண்டாம். மண்ணைக் கிளறும் பழக்கம் இதற்கும் உண்டு என்பதால் கரை மெலிந்த குளத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் விடக் கூடாது. ஏற்கெனவே கலங்கிய செம்மண் குளத்தில் அதுவும் அதிகம்.

புல்கெண்டை பற்றி ஒரு வரி போதும்: தாமரைக் குத்தகை உள்ள குளத்தில் விடாதீர்கள், தளிரைத் தின்றுவிட்டால் தோவாளைப் பூச்சந்தைக்குப் பூ அனுப்புபவரோடு சண்டைதான்.

கிஃப்ட் திலாப்பியா: நம் சூட்டுக்கு மிகப் பொருத்தம், நிபந்தனையோடு

1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய தேர்வுத் திட்டத்தில் உருவானது. 10 கிராம் குஞ்சு நல்ல மிதவைத் தீவனத்தில் ஐந்து, ஆறு மாதத்தில் 400 முதல் 500 கிராம் வரும். திலாப்பியா 16, 17 டிகிரியில் தின்பதை நிறுத்தும்; மலையோர மாவட்டங்களில் குளிர்காலத்தில் அது தயங்குவதற்குக் காரணம் அதுதான். இங்கே அந்தக் குளிரே இல்லாததால் ஆண்டுக்கு இரண்டு அறுவடை எடுக்க முடியும். விடியற்கால ஆக்சிஜன் குறைவையும் கெண்டையை விட நன்றாகத் தாங்கும்.

நிபந்தனைகளுக்கு வருவோம். கிஃப்ட் வளர்க்க மீன்வளத்துறையின் அனுமதி வேண்டும். பொதுக் குளம், ஏரி, ஆற்றோடு தொடர்புள்ள நீர்நிலை எதிலும் விடக் கூடாது. மடையிலும் மறுகாலிலும் சல்லடை கட்டாயம். நவம்பர் மழையில் மறுகால் பாய்ந்து பழையாற்றில் திலாப்பியா இறங்கினால் திரும்பப் பிடிக்க வழி கிடையாது. 1952-ல் கொண்டுவந்த பழைய சிலேபி, அதாவது இன்னொரு திலாப்பியா இனம், எல்லாக் குளத்திலும் எப்படிப் பரவியது என்பது கண்ணெதிரே இருக்கிறது. அடுத்து, முழு ஆண் குஞ்சா என்று பாருங்கள். பெண் கலந்தால் நம் சூட்டில் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை குஞ்சு பொரிக்கும், குளம் முழுக்க விரல் நீளச் சிலேபியாகிவிடும். மூன்றாம் மாதம் வலை போட்டுப் பார்க்கும்போது பொடிக் குஞ்சு தென்பட்டால் விற்பவர் சொன்ன ஆண் கணக்கு சரியில்லை என்று அர்த்தம். 10 சென்ட், 20 சென்ட் சொந்தக் குட்டையில் வீட்டோரம் வளர்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல சரக்கு இல்லை. குத்தகைக் குளத்துக்காரர்கள் பக்கமே போக வேண்டாம்.

விரால்

காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் மேகமூட்ட விடியல் அதைப் பாதிக்காது. புளிப்புத் தண்ணீரையும் தாங்கும். விலையும் நல்ல விலை. ஆனால் நம் வடகிழக்கு மழை முடியும் நேரத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, தண்ணீர் சற்றே குளிர்ந்து சுண்ணாம்புச் சத்து குறையும்போது சிவப்புப் புண் நோய் முதலில் பிடிப்பது இதைத்தான். அது ஒரு பூஞ்சைபோன்ற கிருமியின் வேலை. புண் வந்தபின் மருந்து தேடுவதைவிட அக்டோபரிலேயே ஏக்கருக்கு 80 கிலோ விவசாயச் சுண்ணாம்பு போட்டு வைப்பது மலிவு. வந்துவிட்டால் சிஃபாக்ஸ் மருந்து, ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேருக்கு 1 லிட்டர், தண்ணீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். குஞ்சு வாங்கும்போது ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரியது சிறியதைத் தின்னும், பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பிரித்து விடாவிட்டால் பாதி காணாமல் போகும். முதல் முறை மீன் வளர்ப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். கெளுத்தி என்று மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம். அது ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்கலாம், அந்த மீன் தடை செய்யப்பட்டது.

எந்தக் குஞ்சானாலும் மாதம் பார்த்துத் தீனி

பிழைத்த மீன் 1,600, சராசரி எடை 200 கிராம் என்றால் மொத்தம் 320 கிலோ. 2 சதவீதம் என்று நாளுக்கு 6.4 கிலோ தீவனம். இது வெயில் நாள் கணக்கு. இரண்டு நாள் தொடர்ந்து மூடியிருந்தால் பாதி, விடியலில் மீன் மேலே வந்தால் அன்று சுத்தமாக நிறுத்திவிட வேண்டும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி என்பது பொதுக் கணக்கு. இங்கே எளிதில் கிடைக்கும் தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் குறைவு. பாதிக்குப் பாதி மாற்றினால் வளர்ச்சி குறையும், கடலைப் புண்ணாக்கில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அதனால் ஈடுகட்டலாம். மழை மாதத்தில் எந்தப் புண்ணாக்கும் பதினைந்து நாளில் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்ததை மாட்டுக்கும் போடாதீர்கள், மீனுக்கும் போடாதீர்கள்.

முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டால் உள்ளங்கை மங்கலாகத் தெரிய வேண்டும். தெரியவே இல்லை, நிறம் கரும்பச்சை என்றால் பாசி மிகுந்துவிட்டது; உரத்தை நிறுத்துங்கள். தெரியவில்லை, நிறம் செம்மண் என்றால் அது பாசி இல்லை, உரம் போட்டும் பயனில்லை. தெளியும் வரை காத்திருக்க வேண்டும்.

கல் குவாரிக் குழிகளில் மீன் விடுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று. ஏப்ரல், மே வெயிலில் மேல் தண்ணீர் சூடாகவும் அடித் தண்ணீர் குளிர்ந்து ஆக்சிஜன் இல்லாமலும் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். ஜூன் முதல் வாரப் பெருமழையில் மேல் தண்ணீர் குளிர்ந்து அடுக்கு புரளும்போது கீழிருந்த கெட்ட தண்ணீர் மேலே வந்து ஒரே இரவில் எல்லாவற்றையும் கொன்றுவிடும். இதைக் குஞ்சு விற்றவர் தலையில் போடுவது நியாயமில்லை. குவாரிக் குழி என்றால் மே கடைசிக்குள் பிடித்து விற்றுவிடுங்கள். அது விலைக்கும் தோது: கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்குத் தடை. சாளையும் அயிலையும் தின்று பழகிய நம் ஊர்ச் சந்தையில் குளத்து மீனுக்கு மதிப்பு ஏறுவது அந்த நாள்களில்தான்.

வாங்கும் இடத்தில்

குஞ்சைப் பிடித்து ஒரு நாள் பட்டினியில் வைத்திருந்து அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். வயிற்றில் தீனியோடு பையில் அடைத்தால் வழியில் கழிந்து தண்ணீரை நாசமாக்கும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். அதிகாலை வந்து சேரும்படி வாங்குங்கள். மதிய வெயிலில் லாரியில் வந்த பையை எந்தத் தள்ளுபடிக்கும் ஏற்காதீர்கள்.

எண்ணிக்கையைப் பெரும்பாலும் குவளையால் அளப்பார்கள். முதல் குவளையை நீங்களே எண்ணுங்கள், நடுவில் ஏதாவது ஒரு பையைத் தேர்ந்து முழுதும் எண்ணுங்கள். இதற்கு முகம் சுளிப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

பையைப் பிரிக்காமல் குளத்தில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். வெளி மாவட்ட ஆழ்துளைக் கிணற்று நீரில் வந்த குஞ்சை மேற்குக் குமரியின் மென்மையான நீரில் விடுவதாக இருந்தால் இந்தக் கலப்புக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். சூடு சரியாகிவிட்டது என்று அவசரப்பட்டு விட்டவை மறுநாள் கரை ஒதுங்குவதற்கு இந்தச் சுண்ணாம்பு வித்தியாசம்தான் காரணம். ஒரு சிறு வலைக் கூட்டில் நூறு குஞ்சைத் தனியாக விட்டு இரண்டு நாள் பாருங்கள். பத்துக்கு மேல் செத்தால் ஈடு தருவதாக விற்பவரிடம் முன்னதாகவே எழுதி வாங்கியிருங்கள். மீதிக் குஞ்சு குளத்துக்குள் போனபின் எத்தனை செத்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது.